புளித் தண்ணீரில் விழுந்த காலணா

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். மகாலட்சுமிக்கு அன்று காலை வயிற்றில் மட்டுமல்ல, எதிரே இருந்த எவர்சில்வர் கிண்ணத்திலும் புளி கரைந்துகொண்டிருந்தது.

கரைத்துக்கொண்டிருந்தவர் அருள்நாதன். அவள் கணவர் நவநீதனின் நெடுநாள் சிநேகிதர். தெப்பக்குளம் பக்கம் பழைய காசும் தபால்தலையும் விற்கிற சின்னக் கடை வைத்திருப்பவர். விடிகிற நேரத்தில் அவள் போனில் அழுததைக் கேட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்த நல்ல மனிதர். சக்கையைப் பிழிந்து ஓரமாக வைத்துவிட்டு, "வடிகட்டி எங்கம்மா இருக்கு? நார் நின்னா காசுல ஒட்டிக்கும்" என்று சமையலறைப் பக்கம் எழுந்து போனார்.

"மேல் தட்டுல இருக்கு அண்ணே" என்றாள் மகாலட்சுமி. அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

மேஜைமேல் மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நீலத் துணியின் மேல் வரிசை வரிசையாகப் பழைய காசுகள். எல்லாம் தேய்ந்து, கறுத்து, பழுத்துப் போனவை. நேற்றுச் சாயங்காலம் "ஒருத்தர்கிட்ட நல்ல காலணா ஒண்ணு இருக்காம், பார்த்துட்டு வந்துடறேன் மகா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன மனுஷன் திரும்பி வரவில்லை. பொழுது விடிந்ததும் போன் மட்டும் வந்தது. அந்தப் போனில் அவர் சொன்னபடிதான் இப்போது இந்தப் புளி.

வடிகட்டிய தண்ணீரில் போடுவதற்காக ஒரு காசை எடுத்தாள். முப்பத்தொன்பதாம் வருஷத்துக் காலணா. அவர் அடிக்கடி கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

"நிறுத்துங்கம்மா!"

வாசலில் கேட்ட சத்தத்தில் அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. விரலிலிருந்து நழுவிய காலணா கிண்ணத்துக்குள் விழுந்தது.

"ஐயோ" என்று அவள் கையை விட்டுத் துழாவி எடுத்து, முந்தானையில் பரபரவென்று துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பாதிக் காசு செக்கச்செவேல் என்று ஆனது. மீதிப் பாதி மட்டும் பழைய கருப்பட்டி நிறத்தில் நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

வாசலில் நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வெளிர் காட்டன் புடவை, தோளில் ஒரு பெரிய பை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. மேலப்புதூரில் 'பேட்ரிசியா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருப்பவர் அவர்தான். நேற்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்த மகாலட்சுமி, என்றோ பஸ்ஸில் போகும்போது பார்த்த அந்தப் போர்டை ஞாபகம் வைத்து, நம்பரைத் தேடிப் பிடித்து வரச் சொல்லியிருந்தாள்.

பேட்ரிசியாவுக்குப் பின்னால் ஒல்லியாக ஓர் இளைஞன் மூச்சு வாங்க நின்றான். "என் பேரு ஹாலித்ங்கம்மா. மேடத்தோட உதவியாளர், டிரைவர், திட்டு வாங்கறவர் எல்லாமே நான்தான். லிஃப்ட் இல்லைன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஹாலித், வாய்" என்றார் பேட்ரிசியா.

"மூடியாச்சு மேடம்."

அருள்நாதன் வடிகட்டியும் கையுமாக வெளியே வந்தார். முகம் சட்டென்று சுருங்கியது. "யாரும்மா இவங்க? போலீசுக்குப் போகக் கூடாதுன்னு அவன் அவ்வளவு சொல்லியிருக்கான்!"

"நாங்க போலீஸ் இல்ல சார்" என்றார் பேட்ரிசியா. "அந்தப் போனை நான் கேக்கலாமா?"

பெங்களூரில் இருக்கும் மகள் போன தடவை வந்தபோது, போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்படி செய்துவைத்திருந்தாள். மகாலட்சுமி அந்தப் பதிவைத் தேடி எடுத்து அழுத்தினாள். நவநீதனின் குரல் ஹாலில் நிறைந்தது.

"மகா, நான் நல்லாத்தான் இருக்கேன். போலீசுக்கெல்லாம் போகாத. பீரோல இருக்கிற பழைய ஆல்பத்தை எடுத்து வை. சாயங்காலம் ஆள் வந்து வாங்கிக்குவாங்க. குடுத்தா என்னை விட்டுடுவாங்க." பின்னால் ஏதோ சக்கரம் சுற்றுகிற இரைச்சல். "அப்புறம், மரப்பெட்டில இருக்கிற காசெல்லாம் ஒரே அழுக்கு. எல்லாத்தையும் புளி போட்டு, பளபளன்னு விளக்கி வை. மறந்துடாத."

அவ்வளவுதான். மகாலட்சுமிக்கு ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்தக் குரல் இன்னும் தூரத்திலிருந்து வருவது போலிருந்தது.

"இந்த ஆல்பத்துல என்ன இருக்கு? பெட்டில என்ன இருக்கு?" என்று கேட்டார் பேட்ரிசியா.

"ரெண்டும் காசுதாங்க. காலேஜ்ல வாத்தியார் வேலை பார்த்த காலத்துல, கை படாத புத்தம் புதுக் காசாத்தான் சேர்ப்பாரு. ராஜா தலை போட்ட ரூபா, அணா, எல்லாம் பளபளன்னு இருக்கும். அதுதான் ஆல்பம். ரிட்டயர் ஆனதும் என்ன தோணுச்சோ, 'இனிமே புழங்கின காசுதான் சேர்ப்பேன், ஆனா பார்க்க லட்சணமா இருக்கணும்'னு புதுசா ஆரம்பிச்சாரு. வருஷத்துக்கு ஒண்ணு. தேய்மானம் சீரா இருக்கணும், கீறல் இருக்கக் கூடாது, முக்கியமா யாரும் விளக்கியிருக்கக் கூடாது. 'சந்தைக்கே போகாத காசு என்ன காசு மகா? இது பாரு, எத்தனை பேர் முடிச்சுல இருந்துட்டு வந்திருக்கு'ம்பாரு. நான் சிரிப்பேன்." அவள் மரப்பெட்டியைப் பார்த்தாள். "ஒரு வெள்ளிக்கிழமை அதுல ஒரு காசை எடுத்து விளக்கி லட்சுமி படத்துக்கிட்ட வச்சுட்டேன். சாப்பிடாமக் கட்டில்ல போய்ப் படுத்துக்கிட்டாரு."

"எங்க அத்தா பிரியாணில உப்பு குறைஞ்சாத்தான் அப்படிப் படுப்பாரு" என்றான் ஹாலித்.

பேட்ரிசியா சிரிக்கவில்லை. "ஒரு காசை விளக்கினதுக்குச் சோறு திங்காமப் படுத்தவர், பெட்டியோட எல்லாத்தையும் விளக்கச் சொல்றாரு. உங்களுக்கு வித்தியாசமாத் தெரியலையாம்மா?"

மகாலட்சுமி திகைத்துப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் சொன்னதில் ஒன்றையாவது அவள் அப்படியே கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. கிழக்கே என்றால் மேற்கே போவாள். அப்படிப்பட்டவள் இன்றைக்குப் பார்த்து, பயத்தில் மதி கெட்டு, சொன்னதைச் சொன்னபடி செய்யக் கிளம்பியிருந்தாள்.

"உசிருக்குப் பயந்தவன் வாயில என்ன வரும்னு யார் கண்டா மேடம்?" என்று குறுக்கிட்டார் அருள்நாதன். "சொன்னதைச் செஞ்சுட்டுப் போவோம். வம்பு வேணாம். தங்கச்சி தாங்காது."

"சரிங்க சார். நீங்க இருக்கீங்கன்னு அவங்களுக்கும் தைரியம்" என்றார் பேட்ரிசியா. "ஹாலித், நீ சாரோட பேசிட்டு இரு. அம்மா, ஆல்பத்தைக் காட்டுங்க."

படுக்கையறைக் கதவை லேசாகச் சாத்திக்கொண்டு மகாலட்சுமி பீரோவைத் திறந்தாள். ஆல்பம் கையடக்கமாக, கனமாக இருந்தது. பேட்ரிசியா பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து, ஜன்னலோரம் நின்று பார்த்தார். பிறகு ஹாலுக்குப் போய் மரப்பெட்டியிலிருந்து ஒரு காசைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பைத்தியம் இருந்துச்சு. அதனால கொஞ்சம் தெரியும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பெட்டிக் காசைப் பாருங்க. ராஜாவோட கிரீடமும் கன்னமும் தேஞ்சிருக்கு. எழுத்துக்கு நடுவுல கறுப்பு அப்படியே உக்காந்திருக்கு. மேடு தேயும், பள்ளம் கறுக்கும். புழங்கின காசுன்னா அதுதான் லட்சணம். இப்ப ஆல்பத்துல பாருங்க."

மகாலட்சுமி குனிந்து பார்த்தாள். ராஜா பளபளத்தார். ஆனால் காது மடல் மழுங்கியிருந்தது.

"கன்னம் தேஞ்சிருக்கே..."

"தேஞ்சிருக்கு. ஆனா பள்ளமும் மினுக்குது. புதுசுன்னா கன்னம் தேயாது. பழசுன்னா பள்ளம் மினுங்காது. ரெண்டும் இல்லாத ஒண்ணை உங்க வீட்டுக்காரர் தலையில கட்டியிருக்காங்க. பழங்காசை மிஷின்ல குடுத்து மெருகேத்திப் புதுசுன்னு வித்திருக்காங்க." பேட்ரிசியா ஒரு குண்டூசியால் எழுத்தின் இடுக்கைச் சுரண்டினார். ஊசி முனையில் பச்சையாக மெழுகு மாதிரி ஏதோ வந்தது. "புழங்கின காசைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பழகினப்புறம்தான் அவருக்கு இது தெரிஞ்சிருக்கும். உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார். நாலைந்து நாளைக்கு முன்னால் சமையலறை வாசலில் வந்து நின்று, "மகா, நான் நல்லா ஏமாந்துட்டேன் போலிருக்கு" என்றார். அவள் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்புச் சத்தத்தில் என்ன என்று கூடத் திரும்பிக் கேட்கவில்லை. இப்போது அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பேட்ரிசியா போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். "அண்ணாச்சி, பெரியகடை வீதியில பாத்திரம் விக்கிற உங்களுக்குத்தான் இது தெரியும். பச்சைச் சோப்பு போட்டு பாலிஷ் பண்ற பட்டறை எங்கெங்க இருக்கு? பாத்திரம் இல்ல, காசு அளவுக்குச் சின்னச் சாமானா பண்றவங்க. விசாரிச்சுக் கூப்பிடுறீங்களா?"

ஆல்பத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டு மகாலட்சுமியிடம் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்தார். "சார், இந்த ஆல்பத்துக் காசெல்லாம் யாருகிட்ட வாங்கினது?"

அருள்நாதன் ஒரு கணம் யோசித்தார். "என் மூலமாத்தான் வந்துச்சு. ஆனா ஆள் வேற. மணப்பாறையில மாட்டுச் சந்தைகிட்ட ஒரு ஏஜென்ட். எனக்கே அவன்மேல கொஞ்ச நாளா ஒரு சந்தேகம்."

"அப்ப மணப்பாறைக்கே போயிடுவோம். நீங்களும் வாங்க. ஆளை அடையாளம் காட்டணுமே."

"நானா? தங்கச்சி தனியா இருக்குமே."

"அவங்களும் வர்றாங்க. ஆல்பமும் வருது."

அருள்நாதன் மஞ்சப்பையைப் பார்த்தார். "சரி, போவோம்" என்றார்.

படியில் இறங்கும்போது அருள்நாதன் முன்னால் போய்விட்டார். மகாலட்சுமி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஹாலித் பேட்ரிசியாவிடம் கிசுகிசுத்தான்: "சாயங்காலம் ஆல்பத்தைக் குடுத்தா நிஜமாவே விட்டுடுவாங்களா மேடம்?"

"மாட்டாங்க ஹாலித். யார் ஏமாத்தினதுன்னு அவருக்குத் தெரியும். அதுக்குச் சாட்சி இந்த ஆல்பம்தான். ஆல்பம் கைமாறுற வரைக்கும்தான் அவருக்கு ஆயுசு."

சாவி மகாலட்சுமியின் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கிறபோது காவிரிக் காற்று சில்லென்று அடித்தது. அவளுக்கோ முதுகெல்லாம் வியர்வை. மஞ்சப்பையைப் பிள்ளையை அணைப்பது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என்ன ஆனாலும் இதை விடக் கூடாது என்று அரங்கநாதர் பேரில் ஆணையிட்டுக்கொண்டாள்.

கீழே நின்றது ஒரு பழைய ஆம்னி. முன்சீட்டில் பேட்ரிசியா, பின்சீட்டில் மகாலட்சுமியும் அருள்நாதனும். சீட்டில் கிடந்த ஒரு சின்ன ஆல்பத்தை ஹாலித் அவசரமாக எடுத்து முன்னால் வைத்துக்கொண்டான்.

"என் நிச்சயதார்த்த ஆல்பம்மா. நேத்துதான் ஸ்டூடியோல வாங்கினேன். பார்க்கறீங்களா?"

"ஹாலித்!"

"இல்ல மேடம், எல்லாரும் கொஞ்சம் மனசு விட்டுச் சிரிக்கட்டுமேன்னு... சார், உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். மேப் போடணும், என்னோடதுல நெட் தீர்ந்துபோச்சு."

அருள்நாதன் தயங்கித்தான் கொடுத்தார். வண்டி மாம்பழச்சாலையைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"பையைக் குடுங்கம்மா. மடியில கனமா இருக்கும், நான் வச்சுக்கறேன்" என்று பேட்ரிசியா திரும்பிக் கை நீட்டினார். மகாலட்சுமிக்குக் கொடுக்க மனமே இல்லை. கொடுத்தாள். பாலம் முடிகிறபோது, "இல்ல, உங்ககிட்டயே இருக்கட்டும். அதுதான் உங்களுக்குத் தெம்பு" என்று திருப்பித் தந்தார். பை முன்னைவிடக் கொஞ்சம் லேசாகப் பட்டது. பயத்தில் தனக்குக் கை மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட வரும்போது பேட்ரிசியாவின் போன் அடித்தது. "சொல்லுங்க அண்ணாச்சி... ம்... எடைமேடைக்குப் பின்னாலயா? ரொம்ப தேங்க்ஸ்." போனை வைத்துவிட்டு, ஹாலித்தின் தோளை ஒரு விரலால் தட்டினார். யாருக்கோ நீளமாக ஒரு மெசேஜ் அடிக்க ஆரம்பித்தார். வண்டி இடது பக்கம் திரும்பிக் காந்தி மார்க்கெட் நெரிசலுக்குள் புகுந்தது.

அருள்நாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, மணப்பாறைக்கு இது வழியில்லையே."

போனிலிருந்த மேப் பெண்மணியும் அதையே சொன்னாள். வண்டியைத் திருப்பச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தினாள்.

"இந்தம்மா எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணு மாதிரியே பேசுது. எந்தப் பக்கம் போனாலும் தப்பு" என்றான் ஹாலித். வண்டி திரும்பவில்லை.

வெங்காய மூட்டை ஏற்றிய லாரிகள் இரண்டு பக்கமும் நெருக்கின. மகாலட்சுமிக்குச் சட்டென்று வேறொரு பயம் வந்தது. யார் இந்தப் பெண்? போர்டைப் பார்த்து நம்பிக் கூப்பிட்டோமே, இவளுக்கும் இதில் பங்கிருந்தால்? ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறோமே! துணைக்கு இருக்கிற ஒரே மனிதரை நோக்கி அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு."

"நான் இருக்கேன் தங்கச்சி" என்றார் அருள்நாதன். அவருக்கும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

பால்பண்ணையைக் கடந்து அரியமங்கலத்துக்குள் வந்தாயிற்று. தகரக் கொட்டகைகளும் வெல்டிங் பொறியுமாக ஒரு தெரு. லாரி எடைமேடைக்குப் பின்னால் ஹாலித் வண்டியை ஓரங்கட்டினான். எதிரே ஒரு பட்டறை. ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே மட்டும் ஏதோ சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை. லுங்கி கட்டிய சிலர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரைச்சல் மகாலட்சுமிக்குத் தெரியும். விடியற்காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அவர் குரலுக்குப் பின்னால் கேட்டது இதேதான். அவர் உள்ளே இருக்கிறார், இந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம். கதவைத் திறக்கப் போனவளின் கையைப் பேட்ரிசியா எட்டிப் பிடித்தார்.

"அவசரப்படாதீங்க. அந்த ஏஜென்ட்டுக்கு இங்கதான் பட்டறைன்னு தகவல். யாராவது போய்ப் பேச்சுக் குடுக்கணும். ஹாலித், நீ போ."

"மேடம், எனக்கு இப்பதான் நிச்சயம் ஆயிருக்கு. ஆல்பம்கூட வந்துடுச்சு."

"நான் போறேன்" என்றார் அருள்நாதன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் சிநேகிதன். நான்தான் போகணும். தங்கச்சி, பையைக் குடு. ஆல்பத்தைக் குடுத்துட்டுக் கையோட அவனைக் கூட்டிட்டு வந்துடறேன்."

மகாலட்சுமி பையை இறுக்கினாள். படியில் கேட்ட சொல் காதில் அடித்தது. ஆல்பம் கைமாறுற வரைக்கும்தான் ஆயுசு. "வேணாம் அண்ணே, வேணாம்" என்றாள்.

"குடுங்கம்மா" என்றார் பேட்ரிசியா.

"நீங்கதானே சொன்னீங்க..."

"என்னை நம்பிக் குடுங்க."

நம்பத்தான் வேண்டியிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. அருள்நாதன் பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்தார். ஷட்டரைத் தட்டப் போகிறார் என்று மகாலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் தட்டவில்லை. ஷட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, முள்செடியை ஒதுக்கி, சுவரில் சாத்தியிருந்த ஒரு தகரத்தை இழுத்து நகர்த்தி, குனிந்து உள்ளே போனார்.

அந்தத் தகரத்துக்குப் பின்னால் ஒரு வழி இருப்பது தெருவில் நிற்கிற ஒருவருக்கும் தெரிய நியாயமில்லை.

"அண்ணனுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவளுக்கு வாய் அப்படியே நின்றது. சமையலறை மேல் தட்டு ஞாபகம் வந்தது. "வடிகட்டி" என்றாள்.

"ஆமாம்மா, வடிகட்டிதான்" என்றார் பேட்ரிசியா. "காசுன்னா உசிரா இருக்கிறவன், பழங்காசுக்குப் பக்கத்துல புளித் தண்ணியைப் பார்த்தாக் கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டியிருப்பான். காலமெல்லாம் காசுக் கடை வச்சிருக்கிற மனுஷன், புளித் தண்ணிக்கு வடிகட்டி தேடி எடுத்துட்டு வந்தாரு. நான் உள்ளே வரும்போது அவர் கையில இருந்தது அதுதான். மெருகேத்தி வித்தே பழகினவருக்கு, விளக்கறது தப்புன்னு தோணவே இல்ல. பட்டறைக்காரனும் அப்படித்தான். உங்க வீட்டுக்காரர் அவன் எதிர்லயே அபாயக் குரல் குடுத்திருக்காரு, அவனுக்கு அது வீட்டு வேலை சொல்ற மாதிரி கேட்டிருக்கு."

"தெரிஞ்சும் அவன் கையில குடுக்கச் சொன்னீங்களே! ஐயோ, இப்ப அவரை என்ன பண்ணுவான்!" மகாலட்சுமி வாய்விட்டே கத்திவிட்டாள். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா உங்க முகம் காட்டிக் குடுத்திருக்கும். எந்த வழியா உள்ளே போறதுன்னு அவரைத் தவிர நமக்கு யாரு காட்டுவா? அப்புறம் ஒண்ணு. அவர்கிட்ட ஆல்பம் போகலை." பேட்ரிசியா காலடியிலிருந்து நவநீதனின் ஆல்பத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். கனம் மடியை அழுத்தியது.

"என் நிச்சயதார்த்த ஆல்பத்தை ரெண்டு பக்கத்துக்கு மேல யாரும் பார்த்ததில்லம்மா" என்றான் ஹாலித். அவன் குரலும் உலர்ந்திருந்தது. "முதல் தடவையா ஒருத்தர் அவ்வளவு ஆசையா வாங்கிட்டுப் போறாரு."

பேட்ரிசியா ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஒரு முறை அசைத்தார். டீக்கடை பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். லுங்கி கட்டியிருந்தாலும் ஓடிய ஓட்டம் போலீஸ் ஓட்டம். வழியில் அவர் அடித்த மெசேஜ் இவர்களுக்குத்தான். பாதிப் பேர் சந்துக்குள் நுழைந்தார்கள், மீதிப் பேர் ஷட்டரை நெம்பினார்கள்.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. யாரோ கத்தினார்கள். பிறகு அந்தச் சக்கரத்தின் இரைச்சல் மெல்ல இறங்கி, நின்றுபோனது.

விடியற்காலையிலிருந்து அவளைப் படுத்தி எடுத்த சத்தம் அது. நின்றதும் நிம்மதி வர வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய பயம்தான் வந்தது. அந்தச் சத்தம் இருந்தவரை அவர் குரலும் கூடவே இருந்தது மாதிரி இருந்தது. இப்போது எதுவுமே இல்லை. மகாலட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எப்போது எடுத்தாளோ, வலது கைக்குள் இருந்த காலணாவின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து வலித்தது.

"அம்மா" என்றான் ஹாலித். "கண்ணைத் திறங்க."

உயர்ந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நவநீதன் வெளியே வந்தார். சட்டையெல்லாம் பட்டறைத் தூசி. மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம். வெயிலுக்குக் கண் கூச, யாரையோ தேடினார். அவருக்குப் பின்னால் பட்டறைக்காரனையும் அருள்நாதனையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அருள்நாதன் கையில் இன்னும் அந்த மஞ்சப்பை. தலையைக் குனிந்துகொண்டு போனவர், அவளைத் தாண்டும்போது நிமிரவே இல்லை. விடிந்ததிலிருந்து அண்ணே அண்ணே என்று அவரிடமே அழுதோமே என்று அவளுக்கு உடம்பு பதறியது.

அவள் ஓடினாள். கிட்டப் போனதும் கால் நின்றுவிட்டது.

நவநீதன் அவளைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. முதலில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மகா, விளக்கிட்டியா?"

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் முப்பத்தொன்பதாம் வருஷத்துக் காலணா. பாதி கருப்பட்டி, பாதி ரத்தச் சிவப்பு.

அவர் அதை எடுத்து வெயிலில் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "மத்ததெல்லாம்?"

"பெட்டிலயே இருக்குங்க. இந்தம்மா வந்து நிறுத்திட்டாங்க."

காலணாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கிடக்கட்டும். நாலு பேர் கையில புழங்கினா மறுபடி கறுத்துடும்." பிறகுதான் அவருக்குக் குரல் உடைந்தது. "நான் அப்படிச் சொன்னா, இந்தாளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நீ ஊரைக் கூட்டுவேன்னு நம்பித்தானே மகா சொன்னேன். நான் சொல்லி நீ என்னிக்குக் கேட்டிருக்க?"

மகாலட்சுமி அவர் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா இனிமே கேக்க மாட்டேங்க" என்று சொல்லி, தெருவென்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.